அறையில் மூன்றாவது ஆள்

கதை எழுதப் பழக வருகிறவர்களுக்கு நான் முதலில் படிக்கக் கொடுப்பது ஜேன் ஆஸ்டினின் 'பர்சுவேஷன்' நாவலின் எட்டாம் அத்தியாயம். அதில் ஒரு சோபா வருகிறது. எட்டு வருடத்துக்கு முன்னால் கல்யாணம் பேசி முறிந்துபோன ஆன் எலியட்டும் கேப்டன் வென்ட்வொர்த்தும் அந்த ஒரே சோபாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் திருமதி மஸ்குரோவ். நல்ல பருமனான அம்மாள். கடற்படைக்குப் போய் இறந்துபோன மகனை நினைத்துப் பெருமூச்சு விடுகிறார். வென்ட்வொர்த் தணிந்த குரலில் ஆறுதல் சொல்கிறான். ஆன் அந்தப் பக்கம், அம்மாளின் உடம்புக்குப் பின்னால் முழுக்க மறைந்து. அவ்வளவுதான் காட்சி. இருவரும் ஒரு சொல்கூடப் பேசிக்கொள்வதில்லை. படிக்கிறவருக்கோ நெஞ்சை அடைத்துக்கொண்டு வரும்.

நடுவில் இருக்கும் அந்த அம்மாளை எடுத்துவிட்டு இதே காட்சியை எழுதிக்கொண்டு வாருங்கள் என்று சொல்வேன். பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். அவன் தொண்டையைக் கனைக்கிறான், அவள் குனிந்துகொள்கிறாள், அவன் நலம் விசாரிக்கிறான், அவள் கண் கலங்குகிறது. ஒரு பக்கத்துக்குள் கதை தீர்ந்துபோகும். மிச்ச நாவலுக்கு வேலை கிடையாது. பேச வேண்டிய இரண்டு பேரைப் பேசவிடாமல் வைத்திருக்க ஒரு தடை வேண்டும். அதற்கு வில்லனைத் தேடிப் போக வேண்டாம், விபத்தைத் தேடிப் போக வேண்டாம். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளி போதும். இதை எனக்குக் கற்றுக் கொடுத்தது இந்த நாவல். இதன்மேல் எனக்கு இருப்பதைக் காதல் என்றே சொல்லிக்கொள்கிறேன். இத்தனை வருடம் எழுதியும் இன்னும் இதை எடுத்தால் கை லேசாகப் பரபரக்கிறது.

வாரப் பத்திரிகைகளுக்குத் தொடர்கதை எழுதிச் சாப்பிட்டவர்களில் நானும் ஒரு ஆள். அந்த வேலையின் ஒழுங்கு தனி. வாரத்துக்கு இத்தனை பக்கம் என்று கணக்கு, கடைசிப் பத்தியில் ஒரு கொக்கி, அடியில் 'தொடரும்'. காலி புரூஃப் வந்து பார்த்தால் எட்டு வரி கூடியிருக்கும், ஓவியர் படத்துக்கு இடத்தைப் பிடித்திருப்பார், கம்போசிங் மேசைக்குப் பக்கத்தில் நின்றபடியே வெட்ட வேண்டும். அப்படி நின்று வெட்டி வெட்டித்தான் எந்த வரி உயிர், எந்த வரி சதை என்று கைக்குத் தெரிய வந்தது. ஒரு தொடர் முடிந்த கையோடு எங்கள் ஆசிரியர் பழைய பென்குயின் பதிப்பு ஒன்றை என் முன்னால் வைத்தார். "உங்களுக்குப் பேச்சு நல்லா வருது. பேசாம இருக்கிறதையும் எழுதிப் பாருங்க. இதைப் படிச்சிட்டு அடுத்ததை ஆரம்பிக்கலாம்" என்றார். அதற்கு மேல் விளக்கவில்லை. அவர் எதையுமே விளக்குகிறவர் அல்ல. பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு போடுவார், நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் அத்தியாயம் கொஞ்சம் கரடு. ஆங்கிலப் பிரபுக்களின் பட்டம், கடன், வம்சம் என்று போகும். பொறுமையாக உள்ளே போகிறவருக்கு அங்கேயே பாடம் இருக்கிறது. சாமர்செட் மாவட்டத்தில் கெலிஞ்ச் ஹால் என்ற மாளிகை. எஜமான் சர் வால்டர் எலியட், வயது 54. பொழுது போகாதபோது அவர் கையில் எடுப்பது ஒரே புத்தகம்: 'பேரனட்டேஜ்'. பேரனட் பட்டமுள்ள குடும்பங்களின் பதிவேடு. பரம்பரையாக வரும் பட்டங்களில் பேரனட் அடித்தட்டு. 'சர்' என்று போட்டுக்கொள்ளலாம், பிரபுக்கள் சபையில் இடம் கிடையாது. அதனால்தான் பின்னால் பாத் நகரத்தில் ஒரு வைகௌன்டஸ் வந்து இறங்கியதும் இந்த மனிதர் அப்படிக் குழைகிறார். அவர் தன் குடும்பப் பக்கத்தைப் புரட்டித் தன் பெயரைத் தானே படித்துக்கொள்கிறார். பிள்ளைகள் வரிசையாக வருகிறார்கள்: எலிசபெத் 1785, ஆன் 1787, இறந்தே பிறந்த மகன் 1789, மேரி 1791.

கதாநாயகி நாவலுக்குள் நுழைவது அந்த வரிசையில்தான். முகம் கிடையாது, குரல் கிடையாது, அச்சடித்த பதிவேட்டில் ஒரு பெயரும் பிறந்த தேதியும். அதன் பிறகும் அவளை முன்னால் கொண்டுவர ஆஸ்டின் அவசரப்படவில்லை. கடன் தலைக்கு மேல் போய் மாளிகையை வாடகைக்கு விட வேண்டிய நிலை. அப்பா, அக்கா, குடும்ப நண்பி லேடி ரஸ்ஸல், வக்கீல் எல்லோரும் பேசுகிறார்கள். ஆன் கணக்குப் பார்த்து ஒரு யோசனை வைத்திருக்கிறாள். அது லேடி ரஸ்ஸலின் காதோடு நிற்கிறது. அவள் வாயிலிருந்து நேரடியாக வரும் முதல் பேச்சு மூன்றாம் அத்தியாயத்தில். கடற்படைக்காரர்களுக்காகப் பரிந்து இரண்டு வாக்கியம். ஏன் பரிகிறாள் என்பது நமக்கு நாலாம் அத்தியாயத்தில்தான் தெரியும். 1806-இல் கையில் காசில்லாத ஒரு கடற்படை இளைஞனை அவள் மனதார ஏற்றுக்கொண்டாள், லேடி ரஸ்ஸல் எடுத்துச் சொல்லிக் கைவிட வைத்தார். தெரிந்த பிறகு திரும்பிப் போய் அந்த இரண்டு வாக்கியத்தையும் படித்தேன். தொடர்கதைக்காரர்கள் கொக்கியைக் கடைசி வரியில் மாட்டுகிறோம். இவர் அதை முந்தின அத்தியாயத்தின் நடுவில், யாரும் கவனிக்காத ஒரு பேச்சுக்குள் மாட்டி வைத்திருந்தார்.

பெரிய வீடுகளை எழுத ஆசைப்படுகிறவர்கள் கொஞ்சம் இங்கே நிற்க வேண்டும். சரவிளக்கு, தேக்குப் படிக்கட்டு, சுவரில் மான் தலை என்று அடுக்கத் தோன்றும். கெலிஞ்ச் ஹாலில் எத்தனை அறை என்று இந்த நாவலை எத்தனை முறை படித்தாலும் சொல்ல முடியாது. ஆனால் வாடகைக்கு வந்த அட்மிரல் கிராஃப்ட், பார்க்க வந்த ஆனிடம், வீட்டில் என்ன மாற்றினோம் என்று வெள்ளந்தியாகச் சொல்கிறார். சலவை அறைக் கதவைச் சரிபண்ணினோம். குடைகளை எடுக்க வசதியாக இடம் மாற்றினோம். உங்கள் அப்பா உடுத்திக்கொள்ளும் அறையில் இருந்த பெரிய கண்ணாடிகளைப் பெரும்பாலும் அகற்றிவிட்டோம், எந்தப் பக்கம் திரும்பினாலும் என் முகமே தெரிந்தது. ஒரு மூலையில் சவரம் செய்ய என் சின்னக் கண்ணாடி போதும். இவ்வளவுதான். வீட்டை விட்டுப் போனவர் யார், வந்தவர் யார், இங்கிலாந்தில் எந்தக் கை இறங்கி எந்தக் கை ஏறுகிறது, எல்லாம் கண்ணாடியிலும் குடையிலும் முடிந்துவிட்டது. கதவைச் சரிபண்ணிய செய்தியை முதல் வாசிப்பில் தாண்டிப் போய்விடுவோம். அந்தக் கதவு பல வருடமாக ஒழுங்காகத் திறக்காமல் இருந்திருக்கிறது, சர் வால்டர் வீட்டில் அதைச் சரிபண்ண வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. கடன் ஏறியதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நான் முழுசாக விழுந்தது ஒன்பதாம் அத்தியாயத்தில். ஆன் தன் தங்கை மேரியின் வீட்டில் இருக்கிறாள். தோளெலும்பு பிசகிய ஒரு பையன் சோபாவில் படுத்திருக்கிறான். பக்கத்தில் மண்டியிட்டு அவனைக் கவனிக்கிறாள். வென்ட்வொர்த் உள்ளே வருகிறான், வேறு யாரும் இல்லையே என்று திகைத்து ஜன்னல் பக்கம் போய்விடுகிறான். இன்னொரு இளைஞன் வந்து உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்துக்கொள்கிறான். அப்புறம் இரண்டு வயசுச் சின்னவன் ஓடி வருகிறான். பெரியம்மாவின் முதுகில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொள்கிறான். அவள் அதட்டுகிறாள், கெஞ்சுகிறாள், தள்ளிவிடுகிறாள், மறுபடி ஏறுகிறான். செய்தித்தாள் இளைஞன் உட்கார்ந்த இடத்திலிருந்தே குழந்தையை அதட்டுகிறான், எழுந்திருக்கவில்லை. அடுத்த கணம் அவள் முதுகில் கனம் குறைகிறது. கழுத்தை இறுக்கியிருந்த குட்டிக் கைகளை யாரோ பிரிக்கிறார்கள். குழந்தை தூக்கப்பட்டுவிட்டது. தூக்கியது யார் என்று அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தெரிகிறது.

அந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் பாரம் இறங்குகிறது. பிறகு கழுத்து விடுபடுகிறது. பிறகு ஆள். நாமாக எழுதினால் 'வென்ட்வொர்த் வந்து குழந்தையைத் தூக்கினான்' என்றுதான் ஆரம்பித்திருப்போம். செய்தி சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கும், ஆனின் உடம்பு விட்டுப்போயிருக்கும். குனிந்திருக்கும் ஒருத்திக்கு முதுகில் நடப்பது கண்ணுக்குத் தெரியாது, உறைக்கும். ஆஸ்டின் என்ற ஆசான் கண்ணை விட்டுவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டார். அவளுக்கு நன்றி சொல்லக்கூட வாய் வரவில்லை. அவனும் அந்த நன்றியைக் கேட்க விரும்பாமல் குழந்தையோடு சத்தமாக விளையாடத் தொடங்குகிறான். பல வருடத்துக்குப் பின் அவன் அவளுக்குச் செய்யும் முதல் உபகாரம். இரண்டு குழந்தைகளும் ஒரு செய்தித்தாளும் சுற்றி இருக்க அது நடக்கிறது.

இந்த நாவலில் ஆன் சும்மா இருக்கும் பக்கம் குறைவு. வீட்டைக் காலி செய்யும்போது அப்பாவின் புத்தகங்களுக்கும் படங்களுக்கும் பட்டியலைப் படியெடுப்பவள் அவள். ஊரில் வீடு வீடாகப் போய் விடைபெற்று வருவதும் அவள் வேலை. மற்றவர்கள் ஆடும்போது பியானோவில் உட்கார்ந்து அரை மணி நேரம் விரல் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருக்கும், கண்ணில் நீர் முட்டும், யாரும் பார்க்காததில் அவளுக்கு நிம்மதி. எங்கள் ஆசிரியர் ஓரத்தில் போடும் பென்சில் குறிப்புகளில் அடிக்கடி வருவது 'கை?' என்ற ஒற்றைச் சொல். பேசிக்கொண்டிருக்கும் இந்தப் பாத்திரத்தின் கை இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்கிறார். நான் காட்சி எழுத உட்காரும்போது முதலில் ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்று பத்தி போட்டுக்கொள்வேன்: அறையில் யார் யார், யார் காது எந்தப் பக்கம், யார் கையில் என்ன. உரையாடல் அதற்கப்புறம். புதிதாக வருகிறவர்களுக்கு இது வீண் வேலையாகத் தெரியும். சில மாதம் செய்து பார்த்தால் பேச்சு தானாகக் குறைவதைப் பார்க்கலாம்.

ஆஸ்டினின் கை என்று சொல்லும்போது நிஜமான கையெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் முடித்து அச்சேறிய நாவல்களில் கைப்பிரதி எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்றுக்கு, அதுவும் இரண்டு அத்தியாயம் மட்டும். அது இந்த நாவலுடையது. பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. தாளை மடித்துச் செய்த சின்ன ஏடுகள், உள்ளங்கை அகலம். ஹாம்ப்ஷயரில் சாட்டன் என்ற ஊரில், அண்ணன் எட்வர்ட் கொடுத்த வீட்டில், அம்மா, அக்கா கஸாண்ட்ரா, தோழி மார்த்தா லாய்ட் ஆகியோருடன் இருந்துகொண்டு எழுதினார். எட்வர்டைப் பணக்கார உறவினர்கள் சுவீகாரம் எடுத்ததால் அவருக்கு மாளிகையும் நிலமும் வந்தன. தங்கைக்கு அந்த மாளிகையில் விருந்தாளியின் இடம். ஆனின் இடம் எங்கே இருந்து வந்தது என்று நான் நினைப்பது இதை வைத்துத்தான்.

மார்த்தா லாய்ட் எழுதி வைத்த வீட்டுக் குறிப்பேட்டில் சமையல் பக்குவங்களோடு மை காய்ச்சும் பக்குவமும் இருக்கிறது. மாசிக்காயை உடைத்துப் போட வேண்டும். அன்னபேதியையும் வேலம்பிசினையும் உரலில் இடித்து, நாள்பட்ட பீரில் கலந்து, கொஞ்சம் சர்க்கரை சேர்த்து, கணப்படுப்பின் மூலையில் 14 நாள் வைத்து, தினம் இரண்டு மூன்று தடவை குலுக்க வேண்டும். மை ஆகவே இரண்டு வாரம் பிடிக்கிற வீடு அது. ஆஸ்டின் பாதியில் விட்ட 'தி வாட்சன்ஸ்' கைப்பிரதியின் பெரும்பகுதி ஆக்ஸ்ஃபோர்டில் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அதில் திருத்தி எழுதிய துண்டுகளை, சேர வேண்டிய இடத்தில் குண்டூசியால் குத்தி வைத்திருந்தார். நாங்கள் பசையில் ஒட்டினோம். இப்போது வருகிறவர்கள் திரையில் இழுத்துப் போடுகிறார்கள். வேலை ஒன்றுதான்.

'பர்சுவேஷன்' 1815 ஆகஸ்ட் 8 அன்று தொடங்கப்பட்டது. 1816 ஜூலை 18 அன்று 'முடிந்தது' என்று எழுதித் தேதியும் போட்டுவிட்டார். அந்தக் கைப்பிரதியில் ஆனும் வென்ட்வொர்த்தும் சேர்வது வேறு மாதிரி. பாத் நகரத் தெருவில் அட்மிரல் கிராஃப்ட் ஆனைப் பார்த்து, என் மனைவி வீட்டில்தான் இருக்கிறாள் என்று வற்புறுத்தி உள்ளே அழைத்துப் போகிறார். மனைவி மாடியில் தையல்காரியோடு. கீழே இருப்பது வென்ட்வொர்த். ஆன் தன் உறவினன் எலியட்டைக் கல்யாணம் செய்யப் போகிறாள் என்று ஊரில் பேச்சு. அப்படியானால் கெலிஞ்ச் ஹாலை அவர்களுக்குக் காலி செய்து தர வேண்டுமா என்று கேட்டுச் சொல்லும்படி அட்மிரல் அவனிடம் ஒப்படைக்கிறார். அவன் தடுமாறிக் கேட்கிறான். அவள் அப்படி எதுவும் இல்லை என்கிறாள். பார்வையிலேயே எல்லாம் தீர்ந்துவிடுகிறது.

ஒழுங்கான முடிவுதான். நகைச்சுவைகூட இருக்கிறது. பத்திரிகையில் வந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவருக்கு அது தட்டையாகத் தெரிந்தது. மனம் சோர்ந்து படுக்கப் போனார், மறுநாள் காலையில் தெம்போடு எழுந்தார் என்று அண்ணன் மகன் ஜேம்ஸ் எட்வர்ட் ஆஸ்டின் லீ தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். 1816 ஆகஸ்ட் 6 அன்று நாவல் மறுபடி முடிந்தது. கடைசி அத்தியாயம் ஏறக்குறைய அப்படியே நின்றது. அதற்கு முந்தின அத்தியாயம் போய், இரண்டு புதிய அத்தியாயங்கள் வந்தன. 22, 23.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதைவிடப் பெரிய பயிற்சி எனக்குத் தெரியாது. பழையதில் அட்மிரல் கதவைச் சாத்திக்கொண்டு போக, இரண்டு பேர் மட்டும் ஓர் அறையில். கிட்டத்தட்ட நாமெல்லாம் எழுதுகிற காட்சி. புதியதில் அவர் முதல் காரியமாக மஸ்குரோவ் குடும்பத்தையே கிராமத்திலிருந்து கிளப்பி பாத் நகரத்துக்குக் கொண்டுவருகிறார். மகளுக்குக் கல்யாணத் துணி எடுக்க வேண்டும் என்று காரணம். கூடவே வென்ட்வொர்த்தின் நண்பர் கேப்டன் ஹார்வில். 'வைட் ஹார்ட்' விடுதியில் இறக்குகிறார். இரண்டு பேரைச் சேர்த்து வைக்க ஒரு கூட்டத்தையே கூட்டுகிறார்!

அந்த விடுதி அறையைக் காகிதத்தில் வரைந்து பாருங்கள். ஒரு பக்கம் திருமதி மஸ்குரோவும் அட்மிரலின் மனைவியும், நாள் குறிக்காமல் நீண்டுபோகும் கல்யாண ஏற்பாடுகளைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆனுக்குச் சுருக்கென்கிறது, மேசையில் எழுதிக்கொண்டிருக்கும் வென்ட்வொர்த்தின் பேனா அந்த இடத்தில் நிற்கிறது. இன்னொரு முனையில் ஜன்னல். அங்கே ஹார்வில் ஆனை அழைக்கிறார். அவர் கையில் ஒரு சின்ன உருவப்படம். அவருடைய தங்கைக்காக அவளை மணக்கவிருந்த பென்விக் தன்னை வரையவைத்து வாங்கியது. தங்கை இறந்துவிட்டாள், பென்விக் வேறொருத்திக்கு நிச்சயமாகிவிட்டான், இப்போது அதே படத்துக்கு அந்தப் புதியவளுக்காகச் சட்டம் போட வேண்டும். அண்ணனுக்கு அதைச் செய்ய மனம் வரவில்லை. அந்த வேலையை ஏற்றுக்கொண்டு வென்ட்வொர்த் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான். ஆகவே ஆணா பெண்ணா, யார் அதிக நாள் மறக்காமல் இருப்பார்கள் என்ற பேச்சு அங்கே எழுவது தானாக நடக்கிறது. ஹார்வில் தன் துக்கத்தைப் பேசுகிறார். ஆன் அவருக்குப் பதில் சொல்லும் சாக்கில் தன் எட்டு வருடத்தைப் பேசிவிடுகிறாள். நடுவில் ஒரு சின்னச் சத்தம்: வென்ட்வொர்த்தின் பேனா கீழே விழுந்துவிட்டது. இவ்வளவு பக்கத்திலா இருக்கிறான் என்று அவள் திடுக்கிடுகிறாள்.

பழைய முடிவில் ஆன் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள். இங்கே அவளே பேசுகிறாள், நாவலில் முதல் தடவையாக நிறுத்தாமல். பதிவேட்டில் ஒரு வரியாக இருந்தவளின் குரல் ஓர் அறையை ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைவரை கடக்கிறது. வென்ட்வொர்த் எழுதிய அலுவல் கடிதத்துக்கு அடியில் இன்னொரு கடிதம் உருவாகிவிட்டது. ஹார்விலோடு வெளியே போனவன், கையுறையை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்து, சிதறிக் கிடக்கும் தாள்களுக்கு அடியிலிருந்து அந்தக் கடிதத்தை உருவி அவள் முன்னால் வைத்துவிட்டுப் போகிறான். அறையில் அப்போதும் திருமதி மஸ்குரோவ் இருக்கிறார். அதே அம்மாள்.

பிறகு தெருவில்கூட ஆஸ்டின் அவர்களை உடனே தனியாக விடவில்லை. முகம் வெளுத்துப்போன ஆனை வீட்டுக்குக் கொண்டுவிட மேரியின் கணவன் சார்லஸ் கூட வருகிறான். வழியில் வென்ட்வொர்த் வந்து சேர்கிறான். சார்லஸுக்குத் துப்பாக்கிக் கடையில் ஒரு துப்பாக்கியைப் பார்க்கப் போக வேண்டும், நேரமாகிறது. இவளைக் கொஞ்சம் கொண்டுவிட முடியுமா என்று அவனே கேட்கிறான். முன்பே வேட்டைப் பைத்தியமாகக் காட்டி வைத்த ஆள். ஆகையால் அந்தத் துப்பாக்கி வலிந்து கொண்டுவந்ததாகத் தெரியவில்லை.

பயிற்சிக்கு வந்த ஒரு பெண் கதை ஒன்று கொண்டுவந்தாள். வருஷக்கணக்காகப் பேசாத அண்ணனும் தங்கையும் மருத்துவமனை வராந்தாவில் சந்தித்து அழுகிறார்கள். நன்றாகத்தான் எழுதியிருந்தாள். இருவரையும் ஒரு கிரகப்பிரவேச வீட்டின் கொல்லைக்குக் கொண்டு போ, தங்கை கையில் தேங்காய்த் துருவியைக் கொடு, சுற்றி நாலு சித்திகளை உட்கார வை என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள். திரும்பி வந்த படியில், அண்ணன் சமையல்காரரிடம் தங்கைக்குக் காது கேட்கிற மாதிரி, இந்த வீட்டில் யாருக்குக் காரம் ஆகாது என்று சொல்கிறான். அழுகை முழுக்க வெட்டுப்பட்டுப் போயிருந்தது. வெட்டச் சொல்லி நான் சொல்லவில்லை.

இந்த நாவலின் கடற்படை வாழ்க்கையும் வெறும் கற்பனையில் வந்தது அல்ல. ஆஸ்டினின் அண்ணன் ஃபிரான்சிஸும் தம்பி சார்லஸும் கடற்படையில் இருந்தார்கள். வென்ட்வொர்த் பதவி உயர்வு பெறும் 1806 சான் டொமிங்கோ சண்டையில் ஃபிரான்சிஸ் 'கனோபஸ்' கப்பலின் கேப்டன். எதிரிக் கப்பலைப் பிடித்தால் கிடைக்கும் பரிசுத்தொகையில் 25,000 பவுண்டு சேர்த்து வென்ட்வொர்த் மதிப்புள்ள மாப்பிள்ளையாகும் கணக்கு, வீட்டுக் கூடத்தில் கேட்டுப் பழகிய கணக்கு. அட்மிரலின் மனைவி கணவனோடு கிழக்கிந்தியப் பகுதிவரை போய் வந்தவராக வருகிறார். ஆஸ்டினின் அத்தை ஃபிலடெல்ஃபியா 1752-இல் கப்பலேறிச் சென்னைக்கு வந்து, மறு வருடம் கடலூரில் கல்யாணம் செய்துகொண்டவர். தம்பி சார்லஸ் 1852-இல் பர்மாவில் ஐராவதி ஆற்றில் காலராவில் இறந்து, திருகோணமலையில் புதைக்கப்பட்டிருக்கிறார். எழுதுகிறவர் தன் வீட்டார் செய்யும் தொழிலைக் காது கொடுத்துக் கேட்டு வைப்பது நல்லது என்று நான் சொல்வதற்கு இந்தக் குடும்பத்தைத்தான் காட்டுவேன்.

ஆசான் கையில் எல்லாம் ஒரே மாதிரி இழைந்திருக்கிறது என்று சொல்ல மாட்டேன். 21-ஆம் அத்தியாயத்தில் ஆனின் பழைய பள்ளித் தோழி திருமதி ஸ்மித், உறவினன் எலியட்டின் வண்டவாளத்தை உட்கார்ந்து முழுக்கச் சொல்கிறார். பழைய கடிதம் ஒன்றையும் எடுத்து நீட்டுகிறார். அங்கே அறையில் இரண்டே பேர். ஒருவர் சொல்ல மற்றவர் கேட்கிறார். நாவலில் எனக்குக் கனக்கும் இடம் அது ஒன்றுதான். 1817 மார்ச்சில் அண்ணன் மகள் ஃபானிக்கு எழுதிய கடிதத்தில், வெளியிடத் தயாராக ஒன்று இருக்கிறது, வெளிவர ஒரு வருடம் ஆகலாம் என்று எழுதுகிறார். அந்த ஜூலை 18 அன்று வின்செஸ்டரில் இறந்துபோனார், வயது 41. நாவல் 1817 டிசம்பர் கடைசியில் ஜான் மரே பதிப்பகத்தில் வந்தது, தலைப்புப் பக்கத்தில் 1818 என்ற வருடத்தோடு. இன்னும் ஒரு படி எழுத அவகாசம் இருந்திருந்தால் அந்த 21-ஐயும் பிரித்துப் போட்டிருப்பார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. 22-ஐயும் 23-ஐயும் பார்த்த பிறகு வந்த நம்பிக்கை.

கடிதம் கொடுத்தாயிற்று, தெருவில் பேசியாயிற்று, இருவரும் சேர்ந்தாயிற்று. அதே நாள் சாயங்காலம் சர் வால்டர் வீட்டில் சீட்டு விருந்து. அறை நிறைய ஆட்கள். ஆனும் வென்ட்வொர்த்தும் இடையிடையே சில நிமிடம் பக்கத்தில் வருகிறார்கள், அங்கே அலங்காரமாக வைத்த கண்ணாடி வீட்டுச் செடிகளைப் பார்க்கிறவர்கள் மாதிரி நின்றுகொண்டு. அப்போதுதான் அவன் தன் பெரிய கேள்வியைக் கேட்கிறான். 1808-இல் கொஞ்சம் பணத்தோடும் ஒரு கப்பலோடும் திரும்பி வந்தபோது நான் ஒரு கடிதம் போட்டிருந்தால் நீ ஒத்துக்கொண்டிருப்பாயா? ஒத்துக்கொண்டிருப்பாள். எழுதாமல் தடுத்தது அவன் கர்வம். ஆறு வருடம் அதில் போயிற்று. அதை அவனே சொல்கிறான். லேடி ரஸ்ஸலைத்தான் நாம் இருபது அத்தியாயமாகக் குற்றவாளியாக வைத்திருந்தோம். இந்தக் கேள்வியை நான் எழுதியிருந்தால் சேர்வதற்கு முன்னால் வைத்திருப்பேன், கண்ணீருக்கு உதவும் என்று. அவர் சேர்ந்த பிறகு வைத்தார், செடிகளுக்குப் பக்கத்தில், சீட்டாடுகிறவர்கள் திரும்பிப் பார்த்தால் ஒன்றும் தெரியாத இடத்தில். ஏன் அங்கே என்று வருகிற பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். நல்ல பதில்கள் வருகின்றன, ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல்.